சாவி எப்ப வேணும்?

எனக்குக் கோபமும் சந்தோஷமும் ஒரே வேகத்தில் வரும். இரண்டுக்கும் கத்துவேன். 2009 ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம், சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில், புதுச்சத்திரம் தாண்டியதும் நான் போட்ட கத்தலில், யாரோ பர்சைப் பறிகொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கண்டக்டர் விசிலடித்து வண்டியையே நிறுத்திவிட்டார்.

"என்னாம்மா ஆச்சு?"

"வேலை கெடைச்சிடுச்சிண்ணே!"

"இதுக்கா இந்தக் கத்து கத்துன? நான் பயந்தே போயிட்டன்" என்று சொல்லி மறுபடி விசில் கொடுத்தார். முன் சீட்டில் இருந்த மீன்காரம்மா திரும்பி, "என்னா வேலை பாப்பா?" என்று கேட்டார். என்ன வேலை என்று எனக்கே இன்னும் தெரியாது.

நானும் சத்யப்பிரியாவும் எம்.சி.ஏ. முடித்த கையோடு, புதுச்சேரியில் வெப்சைட் செய்கிற ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போயிருந்தோம். சத்யா திட்டக்குடிக்காரி. அவள் வீட்டில் முதல் தலைமுறையாகக் காலேஜ் பார்த்தவள், கோடிங்கில் புலி. அவளுக்குப் போன வாரமே டெவலப்பர் வேலை உறுதியாகிவிட்டது. என்னை மட்டும் இரண்டு தேர்வு எழுத வைத்திருந்தார்கள். பஸ்ஸில் வந்த போன் அதற்கான பதில்தான்.

"ஜெயராணி, ரெண்டுலயும் பாஸ் பண்ணியிருக்கீங்க" என்றார் மேனேஜர். "டிசைனர் எடம் ஒண்ணு இருக்கு. டெவலப்பர் எடம் ஒண்ணு இருக்கு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. திங்கட்கிழமை காலைல பத்து மணி வரைக்கும் டைம். அதுக்குமேல போனா நாங்களே ஒண்ணுல போட்டுடுவோம்."

டிசைனர் என்றால் வெப்சைட்டின் பக்கம் எப்படித் தெரிய வேண்டும், எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர். டெவலப்பர் என்றால் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் நின்று வேலை செய்கிற கோடிங்கை எழுதுகிறவர். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஜவுளிக் கடைக்குள் போய் இரண்டு புடவையையும் மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்களே, அப்படித்தான் கடலூர் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

முதுநகர் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா ஆரோக்கியம்மாள் கேசரி கிண்ட ஆரம்பித்தார். அப்பா லூர்துசாமி மின்வாரியத்தில் லைன்மேன். எதையும் கம்பத்தில் ஏறி நின்று பார்ப்பது மாதிரி ஒரே பார்வையில் முடிவு செய்துவிடுவார்.

"டெவலப்பர்னா கட்டடம் கட்டறவன். டிசைனர்னா சுண்ணாம்பு அடிக்கறவன். நீ கட்டறவளா இரு பாப்பா."

"டிசைனர்னா சுடிதாருக்கா?" என்றார் அம்மா அடுப்பங்கரையிலிருந்து. "அப்ப எனக்கு ஒரு ஜாக்கெட்டுக்குக் கழுத்து நல்லா வெச்சிக் குடு."

"அம்மா!"

"பின்ன என்னாடி, வௌக்கமா சொன்னாதான புரியும்?"

விளக்கமாகச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, எனக்குக் கோபம் வந்தது, கேசரி நன்றாக இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கே அப்பா வேலைக்குக் கிளம்பிப் போய், தன் பெண் டெவலப்பர் என்று செக்‌ஷன் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். சத்யாவும் போனில் அதையேதான் சொன்னாள். "டெவலப்பர்னு சொல்லிடு ராணி. பக்கத்துப் பக்கத்து சீட்டு கேட்டு வாங்கிக்கலாம். நாமதான் மொத வருஷமே பேசி வெச்சிருக்கமே."

பேசி வைத்தது உண்மைதான். நானும் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன். அப்போதுதான் சௌந்தரம் அக்கா போன் செய்தார்.

சௌந்தரம் அக்கா சிதம்பரத்தில் விருத்தாம்பாள் திருமண மண்டபத்தின் மேனேஜர். கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டாக அந்த மண்டபத்துக்கு நானும் சத்யாவும் ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தோம். பக்கத்தின் அழகெல்லாம் என் வேலை. கோடிங் சத்யாவின் வேலையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஜனவரியில் அவளுக்கு அம்மை போட்டு ஊருக்குப் போய்விட்டாள். ஒரு மாதம் யாரும் போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை. அதனால் மண்டபத்தைப் பதிவு செய்கிற பகுதியை நானே எழுதினேன். ஒரு தேதியை ஒருவர் பதிவு செய்துவிட்டால் அதே தேதி அடுத்தவருக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அது முதன்முதலாக வேலை செய்தபோது லேபில் நாற்காலி மேல் ஏறிக் குதித்தேன். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆட்கள் பதிவு செய்தார்கள். மண்டபத்து முதலாளி சுப்பராயலு எங்களுக்கு ஆளுக்கொரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது போனில் சௌந்தரம் அக்காவின் குரல் அந்தப் புடவையைத் திருப்பிக் கேட்பதுபோல இருந்தது.

"உன் கம்ப்யூட்டர் பண்ணியிருக்கிற வேலையை வந்து பாரு. ஒரே சாயந்திரத்துக்கு ரெண்டு கல்யாணம்!"

அடுத்த பஸ் பிடித்தேன். அண்ணாமலை நகர் ஹாஸ்டலிலிருந்து சத்யாவும் வந்து சேர்ந்தாள். மண்டப ஆபீஸில் சுப்பராயலு நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். அவர் நின்றால் கோபம் என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். ஆகஸ்ட் இருபத்தொன்பது சனிக்கிழமை, பாக்கியநாதன் என்பவர் வீட்டுக் கல்யாணம். அடுத்த நாள் முப்பது ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் கதிரவன் வீட்டு முகூர்த்தம். தேதி வேறு வேறு என்பதால் என் கோடிங் இரண்டையும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் ஞாயிறு காலை முகூர்த்தம் என்றால் சனிக்கிழமை சாயங்காலமே பெண்ணழைப்பு, ரிசப்ஷன், ஊரே மண்டபத்தில் இருக்கும். எங்கள் கிறிஸ்தவக் கல்யாணத்திலோ கோயிலில் பூசை முடிந்து, அதே நாள் சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு. பாக்கியநாதனுக்கும் சனி சாயங்காலம், கதிரவனுக்கும் சனி சாயங்காலம். சனிக்கிழமை நாலு மணிக்கே வந்துவிடுவோம் என்று கதிரவன் வீட்டில் போன் செய்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கல்யாணத் தேதி என்று நான் ஒரு கட்டம் வைத்தேன். எங்கள் வீட்டு வழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்தத் தேதியிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று எழுதினேன். முந்தின நாள் ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. அத்தனை இந்துக் கல்யாணத்தில் முந்தின ராத்திரி சாப்பிட்டிருக்கிறேன், வெட்கமில்லாமல் இரண்டாம் முறை பாயசம்கூட வாங்கியிருக்கிறேன். இருந்தும் தோன்றவில்லை.

"அவுங்க பிளேன் டிக்கெட் போட்டாச்சு" என்றார் சுப்பராயலு. "இவுங்க கோயில்ல நாள் சொல்லியாச்சு. நான் யார மாத்தச் சொல்றது? பேசாம இந்த வெப்சைட்ட மூடிடுங்கம்மா. நோட்டு போதும் எங்களுக்கு."

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். "தப்பு என்னுதுதான் சார். ஆனா மூட மாட்டன்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

சத்யா அதற்குள் பேப்பரை எடுத்துவிட்டாள். "இது ஈசி ராணி. ஃபார்ம்ல மதம் கேட்டுடலாம். இந்துன்னா முந்தின நாள் சாயந்திரத்தையும் சேத்து பிளாக் பண்ணு. கிறிஸ்டியன்னா அன்னிக்கி சாயந்திரம். முஸ்லிம்னா என்னா வழக்கம்னு கேட்டு இன்னொரு கண்டிஷன். மூணு வரி கோடு."

சுப்பராயலுவின் முகம் சிவந்தது. "இந்த மண்டபத்துல மதம் கேட்டு நான் யாருக்கும் கதவு தொறந்ததில்ல. வாசல்ல இல்லாத கேள்வி கம்ப்யூட்டர்ல மட்டும் எதுக்கு?"

சத்யா பேப்பரை மடித்துவிட்டாள். அந்தச் சமயம் மேசை மேல் இருந்த போன் அடித்தது. யாரோ காதுகுத்துக்கு மண்டபம் கேட்டார்கள். சௌந்தரம் அக்கா எங்களை முறைத்துக்கொண்டே ரிசீவரைத் தோளில் இடுக்கினார்.

"சரிங்க. சாவி எப்ப வேணும்? ... ம். எப்பத் திருப்பித் தருவீங்க? ... சரி, எழுதிக்கிட்டன்."

அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார். முழுசாக அரை நிமிடம்கூட ஆகவில்லை. என்ன தேதி, என்ன விசேஷம், யார் வீடு என்று எதையும் தனியாகக் கேட்கவில்லை.

நான் அவருடைய நோட்டை இழுத்துப் பார்த்தேன். ஜனவரியிலும் பார்த்திருக்கிறேன், கையெழுத்து மோசம் என்று நினைத்து மூடிவிட்டேன். பக்கம் முழுக்க, பேருக்கு எதிரே இரண்டே பத்திகள். வெள்ளி நாலு மணி, ஞாயிறு ரெண்டு மணி. புதன் காலை ஆறு, புதன் மதியம் மூணு. எல்லாமே சாவி போன நேரம், சாவி வந்த நேரம். சாவி சுவரில் தொங்கியது. யாரும் மறந்துபோய்ப் பையில் போட்டுக்கொண்டு போகாமலிருக்க, ஒரு சப்பாத்திக் கட்டையின் உடைந்த பாதியை அதில் கட்டியிருந்தார்.

"அக்கா! பாக்கியநாதன்கிட்ட சாவி எப்ப வேணும்னு கேட்டீங்களா?"

"அதான் உன் கம்ப்யூட்டரு கேட்டுக்கிச்சே. நான் எதுக்குக் கேக்கணும்?"

ரிசீவரை நானே எடுத்து நம்பரைச் சுற்றினேன். பாக்கியநாதன் ஓய்வுபெற்ற வாத்தியார், வார்த்தை வார்த்தையாகப் பேசினார்.

"சாவியா? சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு வேணும்மா. எட்டு மணிக்குப் பூசை, பன்னெண்டு மணிக்கு விருந்து. மூணு மணிக்கு ஒப்படைச்சிடுவோம்."

"சாயந்திரம் வரவேற்பு, சார்?"

"சாயந்திரம் பொண்ணும் மாப்பிள்ளையும் வேளாங்கண்ணிக்குக் கெளம்பறாங்க. வேண்டுதல். அதனால மதியத்தோட சரி."

போனை வைத்துவிட்டு நான் கத்திய கத்தலில் மண்டபத்து சமையல்கட்டிலிருந்து ஆள் ஓடி வந்தார். மோதலே இல்லை! மூன்று மணிக்குச் சாவி வருகிறது, கதிரவன் வீட்டுக்கு நாலு மணிக்குத்தான் வேண்டும். நானும் தப்பாக நினைத்தேன், சௌந்தரம் அக்காவும் தப்பாக நினைத்தார், சத்யா மூன்று வரி கோடு எழுதியிருந்தால் அதுவும் தப்பாகத்தான் சொல்லியிருக்கும். யார் என்ன மதம் என்று தெரிந்த எங்கள் எல்லோரையும்விட, எதுவும் தெரியாத அந்தக் கேள்வி சரியாக இருந்தது.

சுப்பராயலு உட்கார்ந்தார். "காபி சொல்லு சௌந்தரம்" என்றார்.

காபி வருவதற்குள் வெப்சைட்டில் இருந்த மற்ற பதினாறு பேருக்கும் வரிசையாகப் போன் போட்டோம். ஒரே கேள்விதான், சாவி எப்ப வேணும். நல்ல வேளையாகப் போட்டோம். செப்டம்பர் ஐந்தாம் தேதி அருள்முருகன் என்பவர் வீட்டு மஞ்சள் நீராட்டு விழா சாயங்காலம் ஐந்து மணிக்கு. ஆறாம் தேதி காலை இன்னொருவர் முகூர்த்தம். இது நிஜமான மோதல், யார் கண்ணிலும் படவே இல்லை. அருள்முருகன் முதலில் எகிறினார். பத்திரிகை இன்னும் அடிக்கவில்லை என்பதால் பிறகு இறங்கி வந்து, அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஹாஸ்டலுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் போயின. ஒரு சாவி திரும்புவதற்குள் இன்னொரு சாவி போகக் கூடாது என்கிற கோடிங்கை சத்யா இருபது நிமிடத்தில் எழுதி முடித்தாள்.

"அவ்ளதான். முடிஞ்சுது. வா, சினிமா போலாம்."

"இரு. பக்கத்த மாத்திட்டு வரன்."

பக்கம் முடியவில்லை. 'சாவி பெறும் நாள், நேரம்' என்று அழகாக எழுதினேன். டீக்கடை அண்ணனைக் கூட்டி வந்து நிரப்பச் சொன்னேன். அவர் யோசித்து யோசித்து முகூர்த்த நேரத்தை எழுதினார். 'மண்டபத்துக்குள் நுழையும் நேரம்' என்று மாற்றினேன். ஹாஸ்டல் மெஸ் தில்லையம்மாள் அக்கா விருந்தினர் வருகிற நேரத்தை எழுதினார். சமையல்காரர் எப்ப வருவாரு என்று கேட்டதற்கு, "அவரு முந்தின நாளே வந்துடுவாரு, அத நீ கேக்கலியே" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அதிசயம். ஒவ்வொருவரும் தப்பாக நிரப்ப நிரப்ப எனக்குச் சந்தோஷம் ஜாஸ்தியானது. தப்பு அவர்கள்மேல் இல்லை, என் கேள்விமேல். கேள்வியைத் திருத்தினால் தப்பு போய்விடும்.

ஞாயிறு மதியம் மண்டபத்துக்கு ஓடிப்போய், சப்பாத்திக் கட்டையோடு அந்தச் சாவியைப் போட்டோ எடுத்து வந்தேன். பக்கத்தின் உச்சியில் வைத்தேன். அதன் கீழே இரண்டே கேள்விகள். 'இந்தச் சாவி உங்கள் கைக்கு எப்போது வர வேண்டும்?' 'சௌந்தரம் கைக்கு எப்போது திரும்பி வரும்?' ஜனவரியில் நான் உயிரைக் கொடுத்து வரைந்த மாவிலைத் தோரணத்தையும் குத்துவிளக்கையும் எடுத்துத் தூரப் போட்டேன். கொஞ்சம் வலித்தது. டீக்கடை அண்ணன் சரியாக நிரப்பினார். தில்லையம்மாள் அக்கா சரியாக நிரப்பினார். சாவி என்றதும் சமையல்காரர் தானாக நினைவுக்கு வந்துவிட்டார். பிரவுசிங் சென்டருக்கு ஹால்டிக்கெட் எடுக்க வந்த, பெயர் தெரியாத ஒரு அண்ணனும் சரியாக நிரப்பினார். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலியே" என்று சொல்லிக்கொண்டே நிரப்பினார்.

சத்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குப் பத்து மணிக்கு டெவலப்பர்னு சொல்லப்போற, இல்ல?" என்றாள். நான் சாவிப் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே இருவரும் மண்டப ஆபீஸுக்குப் போய்விட்டோம். புதிய பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்தேன். சௌந்தரம் அக்கா தன் போட்டோ வரவில்லை, சப்பாத்திக் கட்டை மட்டும் வந்திருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். ஒன்பதரை. ஒன்பதே முக்கால். என் செல்போனைக் கையில் பிடித்தபடி வாசலுக்கும் ஆபீஸுக்கும் நடந்தேன். அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. பக்கத்துப் பக்கத்து சீட்டும் ஞாபகம் வந்தது. லேபில் நாற்காலி மேல் குதித்ததும் ஞாபகம் வந்தது, அந்தச் சந்தோஷமும் பொய்யில்லை.

ஒன்பது ஐம்பதுக்கு ஒரு பதிவு வந்தது. மங்கலம்பேட்டையிலிருந்து வெண்மதி என்று யாரோ, எங்களில் யாருக்கும் தெரியாத பெண். சௌந்தரம் அக்கா திரையைப் படித்தார். பழக்கத்தில் இடது கை போனுக்குப் போய் ரிசீவரைத் தூக்கிவிட்டது. வலது கை நோட்டைத் திறந்தது. இன்னொரு தடவை திரையைப் பார்த்தார். வெள்ளி நாலு மணி, ஞாயிறு ரெண்டு மணி.

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லியே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டார்.

அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டியதை நான் கேட்டு முடித்துவிட்டேன். நான் அங்கே இல்லாமலே, அவள் முகத்தைப் பார்க்காமலே. இதைவிடப் பெரிய வித்தை எனக்கு வேண்டாம். புதுச்சேரிக்குப் போன் போட்டேன்.

"டிசைனர், சார்."

மேனேஜர் கொஞ்சம் தயங்கினார். "யோசிச்சிட்டீங்களா? உங்களுக்குக் கோடிங்லதான் மார்க் ஜாஸ்தி."

"தெரியும் சார். டிசைனர்தான்."

சத்யா முதுகில் ஒன்று வைத்தாள். நிஜமாகவே வலித்தது. "துரோகி! அப்ப நீ மேல் மாடில உக்காருவ, நான் கீழ இருப்பன்."

"தங்கற ரூம் ஒண்ணுதானடி. நான் கேள்வி அனுப்பறன், நீ கோடு எழுது."

"இருபது நிமிஷத்துல முடிச்சிட்டு ரெண்டு நாளு உனக்காகக் காத்துக் கெடக்கணும்" என்றாள். ஆனால் சிரித்துவிட்டாள்.

அடுத்து அப்பா. போனை எடுத்ததும், பின்னால் செக்‌ஷன் ஆபீஸ் சத்தம் கேட்டது.

"அப்பா, டிசைனர்னு சொல்லிட்டன்."

"இங்க எல்லார்கிட்டயும் டெவலப்பர்னு சொல்லிட்டனே பாப்பா" என்றார். திட்டுவார் என்று பயந்தேன், திட்டவில்லை. "சரி, அது என்னா வேலைன்னு ஒரே வரில சொல்லு. நான் போயி இவுங்களுக்குச் சொல்லணும்."

"யார்கிட்ட எதக் கேக்கணும், எப்படிக் கேட்டா சரியாச் சொல்லுவாங்கன்னு கண்டுபுடிக்கற வேலைப்பா."

"அட" என்றார் அப்பா. "இத உங்கம்மா இருவத்தஞ்சு வருஷமா சம்பளமில்லாம பாத்துக்கினு இருக்காளே!"

நான் சிரித்த சிரிப்பில் சுப்பராயலு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அடுத்த நிமிடமே அம்மாவிடமிருந்து போன். அப்பா அதற்குள் வீட்டுக்குச் சொல்லிவிட்டார்.

"எந்த பஸ்ல வர்ற? யார் கூட வர்ற? என்னாத்த சாப்ட்ட?"

பத்தே முக்கால் பஸ், சத்யா கூட, இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை என்று மூன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன்.